கேசில்வெல்லனா, ராஸ்ட்ரெவரா?

வட அயர்லாந்து டவுன் கவுன்ட்டி பக்கம் மவுன்டன் பைக் ஓட்டணும்னா இந்த ரெண்டு இடத்தோட பேரு தான் திரும்பத் திரும்ப வரும். ரெண்டுலயும் ட்ரெயில் திறந்தது 2013ல, ரெண்டுமே மோர்ன் மலையை ஒட்டின காடு தான், ஆனா குணம் சுத்தமா வேற.

கேசில்வெல்லன்ல ஒரு ஏரி, அதைப் பாத்தமாதிரி ஒரு கருங்கல் கோட்டை, சுத்தி காடு. பச்சை, நீலம், சிவப்புன்னு கலர் வச்சு பாதை பிரிச்சிருக்காங்க, பச்சை தான் ஈஸி, அதனால பசங்களோட போறவங்களுக்கு இது தான் சரி. ஓட்டி முடிச்சப்புறம் 6,000 யூ மரம் வச்சு செஞ்ச பீஸ் மேஸ்ங்கிற சுத்துவழிப் புதிர்ப்பாதைக்குள்ள போய் தொலைஞ்சும் போலாம்.

ராஸ்ட்ரெவர்ல பச்சையும் இல்ல நீலமும் இல்ல. கஷ்டமான சிவப்பு 27 கிமீ, அதைவிட கஷ்டமான கருப்பு 19 கிமீ, கூடவே எறக்கத்துக்குன்னே ரெண்டு டவுன்ஹில் பாதை. ஆரம்பமே ஏத்தம், 485 மீட்டர் ஸ்லீவ் மார்ட்டின் பக்கமா மூச்சு வாங்க மிதிச்சு மேல போனா தான் கீழ கார்லிங்ஃபோர்ட் லாக் விரிஞ்சு கிடக்கிறது தெரியும், அத ஏரின்னு நெனச்சுடாதீங்க, அங்க லாக்னா ஏரிக்கும் சொல்லுவாங்க, நிலத்துக்குள்ள கடல் புகுந்த இடத்துக்கும் சொல்லுவாங்க, இது உப்புத்தண்ணி. எறக்கத்துல வேரும் கல்லுமா இருக்கும், மழை பேஞ்சா வழுக்கும். அங்க மழை எப்ப தான் இல்ல!

முத தடவைன்னா கேசில்வெல்லன் போங்க. எனக்கு ராஸ்ட்ரெவர் தான், அதுவும் பைக்கை வேன்ல மேல ஏத்தி விடுற அப்லிஃப்ட் கிடைக்கிற நாளா பாத்து.