கண் திரும்பாத பிள்ளைக்கு எந்த ஸ்கேன்: சி.ரி.யா, எம்.ஆர்.ஐ.யா?

பிள்ளையின் கண் உள்ளே இழுத்தால் “வாக்குக் கண்தானே, வளர வளரச் சரியாயிடும்” என்று சொல்ல மட்டக்களப்பில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் போன மாதம் வரை நேராகப் பார்த்த ஆறு வயதுப் பிள்ளை “அம்மா, ரெண்டு ரெண்டாத் தெரியுது” என்றாலோ, தலையை ஒருபக்கம் திருப்பி வைத்தே ரிவி பார்த்தாலோ அந்தப் பேச்சு உதவாது. கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பு செயலிழந்திருக்கலாம். காய்ச்சலுக்குப் பிறகும் அப்படி வரும், மூளையின் அடியில் உள்ள மூளைத்தண்டில் கட்டி இருந்தாலும் வரும். கண்ணாடிக் கடையில் இதற்கு விடை கிடைக்காது.

எக்ஸ்றே கதிரால் படம் எடுக்கும் சி.ரி. சில நிமிடத்தில் முடியும், செலவும் குறைவு. இரத்தக்கசிவு, மூளையில் நீர் தேங்குவது, எலும்பு அரிப்பு எல்லாம் அதில் தெரியும். விடியற்காலைத் தலையிடி, வாந்தி, மயக்கம் சேர்ந்திருந்தால் யோசிக்காமல் முதலில் அதைத்தான் எடுக்க வேண்டும். சிக்கல் மூளைத்தண்டில். சுற்றியுள்ள தடித்த எலும்பு அந்தப் படத்தில் கோடுகோடாக விழுந்து மறைக்கும். கட்டியாகத் திரளாமல் திசுவுக்குள்ளேயே பரவும் பொன்ஸ் கிளையோமா (மூளைத்தண்டின் நடுப்பகுதியில் வரும் புற்று) அதில் தப்பிவிடலாம். “சி.ரி.யில ஒண்டுமில்லையாம்” என்று வீட்டுக்குப் போவதுதான் எனக்குப் பயம்.

காந்தத்தால் படம் எடுக்கும் எம்.ஆர்.ஐ. அரை மணிக்கு மேல் எடுக்கும், சின்னப் பிள்ளைக்கு மயக்க மருந்தும் தேவைப்படலாம். ஆனாலும் கண் அசைவுக் கோளாறுக்கு என் வாக்கு இதற்கே, கதிர்வீச்சும் இல்லை. மூளையின் நடுவே உள்ள சின்னப் பீனியல் சுரப்பிப் பக்கக் கட்டியும் இதில்தான் தெளிவாகத் தெரியும். அந்தக் கட்டி உள்ளவருக்கு மேலே பார்க்க வராமல் போகலாம். முயன்றால் கண்கள் உள்நோக்கித் துடிக்கும். கண்மணி வெளிச்சத்துக்குச் சரியாகச் சுருங்காது, கிட்டப் பார்த்தால் சுருங்கும். இந்த இடத்தில் வரும் சிலவகைக் கட்டிகளுக்கு ஏ.எஃப்.பி., எச்.சி.ஜி. (அந்தக் கட்டிகள் சுரக்கும் பொருள்கள்) இரத்தப் பரிசோதனையும் துப்புக் கொடுக்கும்.

சீனி வருத்தமுள்ள அறுபது வயதுக்காரருக்கு இதே ஆறாவது நரம்பு மட்டும் படுத்தால் கணக்கு வேறு. பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானாகத் திரும்பும்; திரும்பாவிட்டால் எம்.ஆர்.ஐ.

எந்த ஸ்கேன் என்றாலும், டொக்டர் எழுதித் தரும் ஸ்கேன் துண்டில் வெறுமனே “தலையிடி” என்று இல்லாமல் “வலது கண் வெளியே திரும்பவில்லை” என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். படம் பார்ப்பவர் அந்த நரம்பின் வழியைத் தேடிப் பார்ப்பார். கிளினிக் கொப்பியோடு போன வருசப் பிறந்தநாள் படங்களையும் கொண்டு போங்கள். கண் அப்போதே இழுத்திருந்ததா என்று டொக்டர் பார்க்கலாம்.