ஐந்து நாளா, ஐந்து வாரமா? மலக்குடல் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு

மலக்குடல் புற்றுநோய் சுற்றியுள்ள கொழுப்புத் திசுவுக்கோ நெறிக்கட்டிகளுக்கோ எட்டியிருப்பது எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரிந்தால், பெரும்பாலும் அறுவைக்கு முன்பே கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கச் சொல்வார்கள். குறுகிய முறையில் நாளுக்கு 5 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வீதம் ஐந்தே நாளில் 25 கிரே முடிந்துவிடும். நீண்ட முறையில் நாளுக்கு 1.8 கிரே வீதம், திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்து முதல் ஆறு வாரங்களில் 45 முதல் 50.4 கிரே வரை செலுத்தி, கூடவே சாப்பாட்டுக்குப் பின் காலையும் மாலையும் கேபசிட்டபின் என்ற கீமோ மாத்திரையும் தருவார்கள்.

கடலூர்ப் பக்கத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மருக்கு வரும் குடும்பங்கள் முதலில் நாள்கணக்கைக் கேட்பது நியாயமே. நீண்ட முறையில் சில வாரங்கள் கழிந்ததும் வயிற்றுப்போக்கும், அடக்க முடியாத மலம் கழிக்கும் அவசரமும் பலருக்குத் தொடங்கிவிடும். அந்த நிலையில் ரெட்டிச்சாவடி, கன்னியக்கோயில், தவளக்குப்பம் என்று நின்று நின்று வரும் பேருந்தில் ஏறி, இறங்கியபின் சிறுகுடல் கதிரின் பாதையிலிருந்து விலகி நிற்பதற்காகத் தண்ணீர் குடித்துச் சிறுநீர்ப்பையை நிரப்பிக்கொண்டு முறைக்காகக் காத்திருப்பது எளிதன்று. தாங்க முடியாமல் நடுவில் நின்றுவிட்டால் சிகிச்சையின் பலனே குறையும். முதியவர்களுக்கும் உடல் நலிந்தவர்களுக்கும் ஐந்து நாள் முறை பெரும் ஆறுதல்.

ஆனாலும் பயணத்தை மட்டும் வைத்து முடிவெடுப்பதை நான் ஏற்கமாட்டேன். குறுகிய கதிர்வீச்சுக்குப் பின் சில மாதம் கீமோ கொடுத்து அறுவை செய்த ராபிடோ ஆய்வில், அகற்றிய குடலில் புற்றணு அறவே இல்லாதவர்கள் 28 விழுக்காடு. நீண்ட முறையில் 14 விழுக்காடு. தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவுவதும் குறுகிய முறையில் குறைந்தது. ஆனால் ஐந்தாண்டுக் கணக்கில், இடுப்புக்குள்ளேயே நோய் திரும்பியவர்கள் குறுகிய முறையில் சுமார் 10 விழுக்காடு, நீண்ட முறையில் 6 விழுக்காடு. அப்படித் திரும்பும் நோய் கடும் வலி தருவது; மறு அறுவைக்கும் எளிதில் இடம் கொடுக்காதது.

ஆகவே கட்டி மலக்குடலின் மேற்பகுதியில் இருந்து, அறுவை உறுதி, நெறிக்கட்டிகள் பல என்றால், கீமோவோடு சேர்ந்த ஐந்து நாள் முறையே என் தேர்வு. கட்டி ஆசனவாய்க்கு அருகில் இருந்தாலோ, அறுவையில் வெட்டியெடுக்கும் எல்லையைத் தொட்டு நின்றாலோ, மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியாவது ஐந்து வார முறையை முடிப்பது நல்லது. 2022இல் வெளியான ஓப்ரா ஆய்வில், நீண்ட முறைக்குப் பின் கீமோ பெற்றவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மூன்றாண்டு கடந்தும் அறுவையின்றி மலக்குடலைக் காத்துக்கொண்டார்கள். மலம் சேர வயிற்றில் நிரந்தரப் பை வைக்கும் நிலையிலிருந்தவர்களுக்கு அது மிகப் பெரிய பேறு. கட்டி மறைந்தபின் சில மாதங்களுக்கு ஒருமுறை விரல் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, எம்.ஆர்.ஐ. என்று ஆண்டுக்கணக்கில் தவறாமல் வருபவருக்கே இது பாதுகாப்பானது. வர இயலாதவர் அறுவையை ஏற்பதே மேல்.

எம்.எம்.ஆர். குறைபாட்டுப் பரிசோதனையை (டி.என்.ஏ. பிழைகளைச் சரிசெய்யும் திறன் கட்டியில் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதை)ப் பயாப்ஸித் திசுவிலேயே முன்கூட்டிச் செய்துவிட வேண்டும். அந்தக் குறைபாடு உள்ள சிலருக்கு டோஸ்டார்லிமாப் என்னும் எதிர்ப்பாற்றல் மருந்தே கட்டியைக் கரைத்துவிட்டதால், கதிர்வீச்சும் அறுவையும் தேவைப்படாமலே போனதுண்டு.