பூச்சுக் காகிதமா, நேனோசெல்லுலோஸ் படலமா?

போனை அருகே கொண்டுபோனால் தகவல் தரும் என்.எஃப்.சி. பட்டைக்கோ, ஒருமுறை பயன்படுத்தி எறியும் சென்சாருக்கோ வெள்ளி மையில் சுற்று அச்சிட வேண்டும். பாலியெஸ்டர் வேண்டாம், மட்கும் தாள்தான் வேண்டும் என்றால் பெரும்பாலும் மூன்றுக்குள்தான் போட்டி: கனிமப் பூச்சுள்ள காகிதம், நேனோசெல்லுலோஸ் (மிக நுண்ணிய இழைகளாகப் பிரித்த செல்லுலோஸ்) படலம், செல்லுலோஸ் அசிடேட். என் ஓட்டு பூச்சுக் காகிதத்துக்கு.

அசிடேட்டை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். கண்ணாடிபோலத் தெளிவு உண்டு, சரி. ஆனால் வெள்ளி மை கேட்கும் 120–130 டிகிரி செல்சியஸில் தாள் நெளியும், சில மைகளின் கரைப்பானே அதைக் கரைக்கும். செல்லுலோஸோடு பிணைந்த அசிடைல் தொகுதிகளின் அளவு கூடக்கூட மட்குவதும் மந்தமாகும்.

நேனோசெல்லுலோஸின் பலம் வழவழப்பு. 100 நேனோமீட்டர் தடிமனில் டிரான்சிஸ்டர் அடுக்கு போடுபவருக்கு வேறு வழியில்லை. காகிதத்தின் மேடுபள்ளம் மைக்ரோமீட்டர் கணக்கு, அடுக்கு அறுந்துவிடும். ஆனால் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் உலர்ந்த வெள்ளியே 5–10 மைக்ரோமீட்டர் நிற்கும். அதற்கு இவ்வளவு வழவழப்பு எதற்கு? 2 சதவீதக் கூழிலிருந்து ஒரு கிலோ படலம் எடுக்க 49 கிலோ தண்ணீரை வெளியேற்ற வேண்டும். விலை ஏறுவது அங்கேதான்.

முடிவைத் தீர்மானிப்பது ஈரம். செல்லுலோஸ் எந்த வடிவில் வந்தாலும் ஈரத்தை உறிஞ்சி விரியும், உலர்ந்தால் சுருங்கும். சுருள் ஆன்டெனாவுக்கு மூன்று அச்சு: சுருள், அதன்மேல் மின்காப்பு, அதற்கும் மேல், சுருளின் உள்முனையை வெளியே இணைக்கும் பாலக் கம்பி. முதல் அச்சை அடுப்பில் காய வைக்கும்போதே தாள் சுருங்கிவிடும். 300 மி.மீ. அகலத்தில் 0.2 சதவீதம் என்றாலும் 0.6 மி.மீ.; ரெஜிஸ்டர் (அச்சுகள் ஒன்றோடொன்று பொருந்துவது) விலகி, பாலம் மின்காப்பைத் தாண்டிச் சுருளைத் தொட்டு ஷார்ட் ஆகிவிடும். பலர் மையைக் குறை சொல்வார்கள், குற்றவாளி தாள்.

காகிதத்தில் இதை அடக்க வழி உண்டு. மை இல்லாமலே ஒருமுறை அதே சூட்டில் அடுப்பில் விட்டெடுத்து, 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் தாள்களைப் பிரித்துப் பரப்பி ஆறவிடுங்கள். ஒவ்வொரு அச்சுக்குப் பிறகும் அதே ஆறல் வேண்டும். சூட்டோடு அடுத்த அச்சுக்குப் போகக் கூடாது. நாரோட்டத்துக்கு (காகித நார்கள் படிந்திருக்கும் திசைக்கு) குறுக்கேதான் விரிவு அதிகம் என்பதால் நுணுக்கமான இடைவெளிகளின் அகலம் நாரோட்டத்தின் வாக்கில் வரும்படி அமையுங்கள். நாரோட்டம் தெரியாவிட்டால் துண்டின் ஒரு பக்கத்தை நனையுங்கள்: சுருளும் குழலின் நீளவாக்கே நாரோட்டம். வடிகட்டி உலர்த்திய நேனோ படலத்துக்கு இப்படி ஒரு திசை கிடையாது. எல்லாப் பக்கமும் நெளியும், நீர் மை பட்டால் இன்னும் மோசம். இதெல்லாம் ஸ்கிரீன் பிரிண்டிங்கை வைத்துச் சொல்வது. ஓடும் உருளையில், தாளை இழுத்துப் பிடிக்கும் ஃப்ளெக்ஸோ அச்சுமுறைக்கு அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

பயன்பாட்டில் வரும் ஈரத்துக்கு, எத்தனாலில் கரைத்த அரக்கை மேலே பூசலாம். வெள்ளி காய்ந்த பிறகுதான். அரக்கு 80 டிகிரிக்குள்ளேயே இளகிவிடும். வெள்ளித் துகள்களைப் பிடித்துவைக்கும் பிணைப்பான் எத்தனாலைத் தாங்குமா என்று ஓரத்தில் தேய்த்துப் பார்த்துவிடுங்கள்.

வாங்கும்போது ஒரு கண்ணி: 'போட்டோ பேப்பர்' என்று விற்பதில் பெரும்பாலும் காகிதத்தின் இரு பக்கமும் பாலித்தீன். அச்சு அருமையாக விழும், மட்கவே மட்காது. கயோலின் அல்லது கால்சியம் கார்பனேட் பூச்சு என்று கேட்டு வாங்குங்கள்.

மலிவு என்று தாமிர மைக்குத் தாவுபவர்கள் மட்கும் பேக்கேஜிங்குக்கான ஐரோப்பாவின் இ.என். 13432 தரத்தைப் பார்க்கட்டும்: தாமிரம் கிலோவுக்கு 50 மில்லிகிராம்தான். சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள காகிதத்தில் பத்தில் ஒரு பங்குப் பரப்பை 5 மைக்ரோமீட்டர் தாமிரத்தால் நிரப்பினாலே அளவு வரம்பைப்போல் சுமார் ஆயிரம் மடங்காகிவிடும். வெள்ளி அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் மண்ணுக்கு நல்லது என்றும் ஆகிவிடாது. சென்சார் மட்டும் போதுமென்றால் கரி மை நல்லது, ஆன்டெனாவுக்கு அதன் மின்தடை ஒத்துவராது.