பூட்டிய வீட்டில் நிற்கும் கார்: வாராவாரம் ஸ்டார்ட் பண்ணுவதா, டெர்மினலைக் கழற்றுவதா, சார்ஜரா?

காரைக்குடிப் பக்கம் வீடு, பிழைப்பு சென்னையில் என்று இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். பல்லவன் ரயிலில் இரவு வந்து இறங்கி, காலையில் கல்யாணத்துக்குக் கிளம்பச் சாவியைத் திருப்பினால் டிக் டிக் டிக் என்று ரிலே சத்தம் மட்டும் வரும், பேட்டரி இறங்கியிருக்கும். போன வருடம் எனக்கு அப்படி ஆகி, பட்டு வேட்டியோடு ஆட்டோவில் போனேன். இத்தனைக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் ஞாயிறுதோறும் தவறாமல் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணித்தான் வைத்திருந்தார்.

அந்த ஐந்து நிமிட வைத்தியம் ஏன் பலிப்பதில்லை என்றால், இப்போதைய கார் பூட்டிக் கிடந்தாலும் அலாரம், ரிமோட் ரிசீவர், கம்ப்யூட்டர் நினைவு என்று 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கரண்ட் கசிந்துகொண்டே இருக்கும். வாரத்துக்கு 5 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரியிலிருந்து போகிறது. அதை ஐந்து நிமிடத்தில் ஏற்ற 60 ஆம்பியர் வேண்டும், கார் நின்றபடி இன்ஜின் மட்டும் ஓடும் ஐடிலிங்கில், பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டர் அவ்வளவு தராது. தேவகோட்டை வரை ஒரு நடை ஓட்டிவிட்டு வந்தால் பலன் உண்டு. ஆனால் அடுத்தவரிடம் சாவி கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்?

கசிவையே நிறுத்த வேண்டுமென்றால் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிடலாம். பெரும்பாலான கார்களில் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும், செலவு கிடையாது. கழற்றிய கிளாம்ப் திரும்ப பேட்டரியைத் தொடாதபடி ஒரு துணியைச் சுற்றி ஓரமாகத் தள்ளி வைக்க வேண்டும். அப்புறம் ரிமோட் வேலை செய்யாது, அதற்குள் ஒளிந்திருக்கும் சாவியால்தான் கதவைப் பூட்ட வேண்டும். கரண்டில் திறக்கும் டிக்கி என்றால் அதுவும் திறக்காது. நான் ஸ்பேனரை டிக்கியிலேயே வைத்துவிட்டு, அடுத்த முறை பின்சீட்டை மடக்கி உள்ளே தவழ்ந்து எடுத்தேன், ஆச்சி திண்ணையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். திரும்ப மாட்டியதும் கடிகாரம், ரேடியோ ஸ்டேஷன் எல்லாம் அழிந்திருக்கும். ஒரே தட்டில் ஏறி இறங்கும் பவர் விண்டோ சில கார்களில் அதை மறந்திருக்கும், கண்ணாடியை முழுக்க ஏற்றி ஸ்விட்சைச் சில நொடி பிடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சிக்னலில் நின்றால் இன்ஜினைத் தானே அணைத்துக் கிளப்பும் ஸ்டார்ட் ஸ்டாப் உள்ள காரில் அந்த டெர்மினலிலேயே சென்சார் இருக்கலாம், மேனுவலைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

பேட்டரிக்கு நல்லது எது என்று மட்டும் கேட்டால், நிரம்பியதும் தானே 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கிக் காத்துக்கொள்ளும் மெயின்டெய்னர் சார்ஜர்தான். காரில் எதுவும் அழியாது, வெயில் காலத்தில் பேட்டரி தானாக இறங்குவதையும் ஈடுகட்டும். ஆனால் நம் வீடுகளைப் பூட்டும்போது முதல் வேலையே மெயினை அணைப்பதுதானே. அந்தப் பழைய வயரிங்கை நம்பி, இரண்டு மாதம் ஆளில்லாத வீட்டில், பின்கட்டிலிருந்து ஷெட் வரை ஒயர் இழுத்து விட எனக்குத் தைரியமில்லை. வீட்டில் ஆள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதையே வாங்குவேன்.

இரண்டு வாரத்துக்குள் திரும்பி வருவதென்றால், பேட்டரி நல்ல நிலையில் இருக்கும் பட்சத்தில், எதுவுமே செய்ய வேண்டாம். அதற்கு மேல் என்றால் நான் கழற்றித்தான் வைக்கிறேன். மாட்டுவதற்கு முன் மல்டிமீட்டரில் 12.4 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நிம்மதி. குறைந்தால் இருக்கட்டும் என்று, இறங்கிய பேட்டரியோடும் காரைக் கிளப்ப உதவும் கையடக்க ஜம்ப் ஸ்டார்ட்டர் ஒன்றும் ரயில் பையிலேயே வருகிறது. லித்தியம் சமாச்சாரம், சித்திரை வெயிலில் காருக்குள் விட்டுவைக்கக் கூடாது.