புடாபெஸ்டில் முதல் மூன்று இரவுகள்: ஒரு ஹாஸ்டல் அனுபவம்

நானும் என் தோழியும் முதுகுப்பையோடு கெலெட்டி ரயில் நிலையத்தில் இறங்கி, ஏழாம் வட்டாரத்தில் முன்பதிவு செய்திருந்த சிறிய ஹாஸ்டலுக்கு நடந்தே சென்றோம். எட்டுப் பேர் தங்கும் அறையில் ஒவ்வொரு படுக்கைக்கும் திரைச்சீலையும் விளக்கும் பூட்டிக்கொள்ளும் பெட்டியும் இருந்தன. பூட்டை மட்டும் நாமே கொண்டுசெல்ல வேண்டும். சமையலறை அலமாரியில் முன்பு தங்கியவர்கள் விட்டுச்சென்ற அரிசியும், செக்கச்சிவந்த பாப்ரிகா தூளும் இருந்ததால், முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு நாங்கள் வெங்காயம் மட்டுமே வாங்கினோம். ஆனால் தெருவிலிருந்த மதுக்கூடங்களின் இரைச்சல் இரண்டு மணிவரை ஓயாததால், தூக்கம் முக்கியம் என்பவர்கள் பின்பக்க அறையைக் கேட்டுப் பெறுவது நல்லது.

வரவேற்பிலிருந்த பெண்மணி வழிகாட்டியதில் குறையே இல்லை. 1896இல் திறக்கப்பட்ட மெட்ரோவில் ஏறி, 1913இல் தொடங்கிய செச்செனி வெந்நீர்க் குளத்திற்குக் கூட்டம் சேருமுன் காலையிலேயே சென்றுவிடும்படியும், காகிதப் பயணச்சீட்டை ஏறுவதற்கு முன்பே இயந்திரத்தில் முத்திரையிடும்படியும் அவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.