லாரிக்கு ஜிபிஎஸ் மாட்டப் போகிறீர்களா? ‘லைவ்’ என்று காட்டுவதெல்லாம் லைவ் இல்லை

நாமக்கல் பக்கம் 14 லாரிக்கு மொத்தமாக மாட்டிக் கொடுத்த ஜிபிஎஸ் கருவியைப் பற்றிய எச்சரிக்கை இது. விற்றவர் பெயர் வேண்டாம். இதே சரக்கை இதே பேச்சோடு விற்கிறவர்கள் மற்ற ஊர்களிலும் உண்டு. சொல்லி விற்றது மூன்று: 4ஜி கருவி, எந்த நெட்வொர்க் கிடைத்தாலும் பிடிக்கும் சிம், பத்து விநாடிக்கு ஒருமுறை லைவ் லொகேஷன். மூன்றும் பொய். வண்டி ஷெட்டில் நிற்கும்வரை ஒன்றும் தெரியாது, மேப்பில் பச்சைப் புள்ளி அழகாக எரியும்.

மூடியைக் கழற்றினால் உள்ளே டவரோடு பேசும் பாகமாக இருப்பது சிம்காம் 800சி மாட்யூல். அது 2ஜி மட்டுமே தெரிந்த மாட்யூல். அதன்மேல் தப்பில்லை, வெளியே ‘4ஜி’ ஸ்டிக்கர் ஒட்டியவர்மேல்தான் தப்பு. 2ஜியில் போன் கால்களுக்குத்தான் முதலிடம், டேட்டாவுக்கு மிச்சம் இருப்பதுதான். ஜியோவில் 2ஜி கிடையவே கிடையாது. ஆக ‘எந்த நெட்வொர்க்கும் பிடிக்கும்’ என்ற பேச்சு அங்கேயே செத்துவிட்டது.

மூடியைத் திறக்காமலும் பார்க்கலாம். கருவியின் 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்தைத் தட்டி, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். அந்த எண் எந்த மாடலுக்குரியது என்று பதில் வரும். ஸ்டிக்கரில் உள்ளதும் பதிலில் உள்ளதும் ஒத்துப்போகாவிட்டால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளலாம்.

அடுத்தது எல்லை. ஓசூர் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்ததும் 14 வண்டியும் வரிசையாக ஆஃப்லைன். ‘அங்கே டவர் இல்லை’ என்பது விற்றவரின் பதில். ஓசூர் எல்லையில் சிக்னலுக்கா பஞ்சம்? காரணம் வேறு. தமிழ்நாடும் கர்நாடகாவும் தனித்தனி டெலிகாம் வட்டங்கள். ஒரே கம்பெனி சிம்மாக இருந்தாலும் நெட்வொர்க் குறியீட்டு எண் மாறும், கருவியின் கணக்கில் அது ரோமிங். மாட்யூலிடம் ‘நெட்வொர்க்கில் பதிவாகிவிட்டாயா’ என்று கேட்டால் சொந்த வட்டத்தில் 1 என்றும், ரோமிங்கில் 5 என்றும் சொல்லும். இந்தக் கருவியின் சாஃப்ட்வேர் 1-ஐ மட்டும்தான் பதிவாக எடுத்துக்கொண்டது. 5 வந்தால் ‘நெட்வொர்க் இல்லை’ என்று நினைத்துக்கொண்டு ரீஸ்டார்ட் ஆகும், மறுபடி 5 வரும், மறுபடி ரீஸ்டார்ட். ஒரே ஒரு வரி திருத்தினால் தீர்கிற கோளாறு. அதைத் திருத்தத் தெரிந்த ஆள் விற்றவரிடம் இல்லை, ஏனென்றால் கருவி அவர் செய்தது இல்லை.

சிம் கதை இன்னும் மோசம். வண்டியில் ஓடும் கருவிகளுக்கென்று எம்2எம் சிம் இருக்கிறது, அதன் எண் 13 இலக்கம். இங்கே போட்டிருந்தது பத்து இலக்கச் சாதாரண சிம், அதுவும் யார் யாரோ பெயரில் வாங்கியது. ஒருவர் பெயரில் 9 இணைப்புக்கு மேல் கூடாது என்பது தொலைத்தொடர்புத் துறையின் விதி. மறு சரிபார்ப்பு வந்தால் இணைப்புகள் துண்டாகலாம், வண்டி எங்கே நின்றாலும் சரி. இரண்டு நெட்வொர்க் ப்ரொஃபைல் (இரண்டு கம்பெனியின் இணைப்பு) உள்ள இசிம், அதாவது கருவிக்குள்ளேயே பதிந்த சிம் என்று சொன்னாலும் இரண்டாவது ப்ரொஃபைலுக்கு உயிர் கொடுத்திருக்கிறார்களா, எத்தனை மாதத்துக்கு என்று எழுத்தில் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற நிமிடங்கள் ஆகும்.

உண்மையான ஏமாற்று மேப்பில் நடந்தது. சத்தியமங்கலம் வழியாக மைசூர் போன ஆறு சக்கர வண்டி ஒன்று பண்ணாரியிலிருந்து திம்பத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவுகளையும் விட்டுவிட்டு ஒரே நேர்கோட்டில் ஏறியிருந்தது! புகார் சொன்னதும் ‘சரி செய்துவிட்டோம்’ என்றார்கள். அடுத்த நடையில் கோடு ரோட்டோடு வளைந்து வந்தது. செய்தது இவ்வளவுதான்: விட்டுப்போன இடத்தில் சர்வரே ரோட்டை ஒட்டிக் கோடு வரைந்துகொள்ளும்படி மாற்றிவிட்டார்கள். கருவியை யாரும் தொடவே இல்லை.

ஆகவே மேப்பைப் பார்க்காதீர்கள், கருவி அனுப்பிய இடக்குறிப்புகளை வரிவரியாக எக்செல்லில் கேளுங்கள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு நேரம் வேண்டும்: கருவி இடத்தைக் குறித்த நேரம், சர்வருக்கு வந்து சேர்ந்த நேரம். (கருவி நேரம் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.) 11:02:10-க்குக் குறித்தது 11:02:12-க்கு வந்தால் அது லைவ். 11:20:40-க்குக் குறித்தது 11:46:05-க்கு வந்தால் சிக்னல் இல்லாத இடத்தில் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பியது. இதுவும் நல்ல கருவிதான். காட்டில் டவர் இல்லாததற்குக் கருவி என்ன செய்யும்? ஆனால் 11:06:30-க்கு அடுத்த வரியே 11:46:10 என்று இருந்தால், இடையில் இருந்திருக்க வேண்டிய 230-க்கும் மேற்பட்ட வரிகள் குறிக்கப்படவே இல்லை, அல்லது நினைவகத்தில் நிற்காமல் அழிந்துவிட்டன. தாமதம் நெட்வொர்க்கின் குற்றம், காணாமல் போவது கருவியின் குற்றம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் ‘டவர் பிரச்சினை’ என்று தப்பிக்கிறார்கள்.

2019 ஜனவரி முதல் பஸ், டாக்ஸி போன்ற புதிய பொதுப் பயணிகள் வாகனங்களுக்குக் கட்டாயமான ஏஐஎஸ் 140 என்ற இந்திய ஜிபிஎஸ் கருவித் தரத்தில் 40,000 இடக்குறிப்புகளைச் சேமிக்கும் நினைவகம் கேட்கப்படுகிறது. பத்து விநாடிக்கு ஒன்று என்றால் நாலரை நாள் தாங்கும். கருவி அனுப்பும் ஒவ்வொரு தகவல் பாக்கெட்டிலும் அது லைவா பழையதா என்ற குறியும், சிக்னல் அளவும், நெட்வொர்க் குறியீடும் சேர்ந்தே வரும். சரக்கு லாரிக்கு வாங்கினாலும் இந்தத் தரத்தையே கேளுங்கள்.

சிக்னல் திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் புள்ளி நகராமல் இருந்தால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். கருவி 4ஜியில் இணைய ஐந்து முறை முயன்று தோற்றால், பொதுவாக 12 நிமிடம் கழித்துத்தான் மறுபடி முயலும். அரை மணிக்கு மேலும் எழவில்லை என்றால் கருவி தொங்கிவிட்டது என்று அர்த்தம். நல்ல சாஃப்ட்வேர் சர்வரிடமிருந்து ஐந்து நிமிடம் பதில் வராவிட்டால் இணைப்பை மூடித் திறக்கும், அதற்கும் மசியாவிட்டால் டவரோடு பேசும் ரேடியோவை அணைத்துப் போடும்.

‘என்பி-ஐஓடி, பேட்டரி வருடக்கணக்கில் வரும்’ என்று இப்போது ஒரு சரக்கு சுற்றுகிறது. அது கொஞ்சமாக டேட்டா அனுப்பும் கருவிகளுக்கான நெட்வொர்க் வகை, தண்ணீர் மீட்டர், கேஸ் மீட்டர் போல ஓரிடத்தில் நிற்பவற்றுக்கு. ஓடும்போது ஒரு டவர் இன்னொரு டவரிடம் இணைப்பைக் கைமாற்றும் வசதி அதில் முதலிலிருந்தே வைக்கப்படவில்லை. லாரிக்கு 4ஜியில் குறைந்த வேக வகையான கேட்-1 போதும்.

மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். சிவப்பு ஒயர் நேராக பேட்டரிக்கு, நடுவில் ஒரு ஆம்பியர் ஃபியூஸ். இக்னிஷன் ஒயர் தனியாகச் சாவிக்கு. அவசரக்காரர் இரண்டையும் சாவி லைனிலேயே முறுக்கி டேப் சுற்றிவிடுவார், சாவியை எடுத்ததும் கருவி உள் பேட்டரிக்குப் போகும், விடிவதற்குள் அணையும். சாவியை எடுத்துப் பத்து நிமிடம் கழித்து ரிப்போர்ட்டில் ‘மெயின் பவர்’ இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். பெட்டியைச் சுற்றி இரும்புத் தகடு கூடாது, ஜிபிஎஸ் பக்கம் வானத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மொத்தப் பணத்தையும் கொடுக்காமல் ஒரு வண்டிக்கு மட்டும் மாட்டி, எல்லை தாண்டி ஒரு நடை அனுப்பி, அந்த எக்செல்லை வாங்கிப் பாருங்கள். மணிக்கு 360 வரி இருக்கிறதா என்று எண்ணுங்கள். பில்லில் ‘ஜிபிஎஸ் கருவி’ என்று மொட்டையாக இல்லாமல் மாட்யூல் பெயர், ஐஎம்ஈஐ, 13 இலக்க சிம் எண் மூன்றும் இருக்கட்டும். சர்வர் முகவரியை மாற்றும் பாஸ்வேர்டையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் சர்வீஸ் சரியில்லை என்று வேறு ஆளிடம் போகும்போது கருவி வெறும் டப்பாதான்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். வழக்கென்றால் இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆனால் வணிகத்துக்காக வாங்கியவரை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராக ஏற்காது, சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவருக்கு மட்டும் விலக்கு. ஒற்றை லாரியைத் தானே ஓட்டுகிறவர் அதில் வரலாம். 14 லாரி வைத்திருப்பவர் சிவில் வழக்குக்குத்தான் போக வேண்டியிருக்கும், அங்கே பேசப்போவது அந்தப் பில்லும் எக்செல்லும்தான்.