பத்து வருஷ 'இன்டர்நேஷனல் லைசென்ஸ்' அட்டையை வாங்கி ஏமாறாதீர்கள்

கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தொண்டி பக்கம் சபுருக்கு (வெளிநாட்டு வேலைக்கு) கிளம்பும் டிரைவர் பிள்ளைகளிடம் ஒரே மோசடி திரும்பத் திரும்ப நடக்கிறது. விசா வந்த கையோடு புரோக்கர் வீட்டுக்கே வருவார். "இன்டர்நேஷனல் லைசென்ஸ் எடுத்துக்க தம்பி, துபாய்ல இறங்குனதும் அதைக் குடுத்து அந்த ஊரு லைசென்ஸா மாத்திக்கலாம்" என்பார். பணத்தை வாங்கிக்கொண்டு, பத்து வருஷம் செல்லும் என்று அச்சடித்த பிளாஸ்டிக் அட்டை ஒன்றைத் தருவார். அங்கே டிரைவிங் ஸ்கூல் கவுண்டரில் நீட்டும்போதுதான் அது எதற்கும் ஆகாது என்று தெரியவரும். வீட்டில் அடகு வைத்த நகைக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.

'பத்து வருஷம்' என்று சொன்னாலே பொய் என்று பிடித்துவிடலாம். உண்மையான பெர்மிட் (வெளிநாட்டில் வண்டி ஓட்ட நம் அரசு தரும் அனுமதி) சிறு புத்தகமாக வரும், ஒரு வருஷம்தான் செல்லும். அதற்குள் உங்கள் இந்திய லைசென்ஸ் காலாவதியானால் அன்றோடு இதுவும் முடிந்தது. லைசென்ஸுக்கான அரசு இணையதளமான சாரதியில் படிவம் 4ஏ, பாஸ்போர்ட் முதலான ஆவணங்களைக் கொடுத்து ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. ஆபீஸிலேயே வாங்கலாம். அரசுக் கட்டணம் 1,000 ரூபாய். இதற்குப் பத்து மடங்கு கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அந்த உண்மையான பெர்மிட்டும் அமீரகத்தில் சுற்றுலா விசாவில் இருப்பவருக்குத்தான். குடியிருப்பு விசா அடித்துவிட்டால் அதை வைத்து வண்டி ஓட்ட முடியாது. பிரிட்டன், ஜெர்மனி போன்ற நாடுகளின் லைசென்ஸைத்தான் அங்கே நேராக மாற்றித் தருவார்கள்; இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. செல்லாத லைசென்ஸோடு ஓட்டிப் பிடிபட்டால், 2025 மார்ச் 29 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி முதல் முறைக்கே 2,000 முதல் 10,000 திர்ஹம் வரை அபராதம்.

அங்கே உதவப்போவது ராமநாதபுரத்தில் எடுத்த உங்கள் பழைய டி.என்.65 லைசென்ஸ்தான். துபாயில் கார் லைசென்ஸுக்கு, புதிதாகக் கற்பவருக்கு 20 மணி நேரப் பயிற்சி. 2 முதல் 5 வருஷ லைசென்ஸ் உள்ளவருக்கு 15. அதற்கும் மேல் என்றால் 10. இங்கேதான் இரண்டாவது ஏமாற்று. பழைய புத்தக லைசென்ஸை ஸ்மார்ட் கார்டாக மாற்றித் தருவதாகச் சொல்லி, புது லைசென்ஸே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். பத்து வருஷ அனுபவம் ஒரே நாளில் காணாமல் போகிறது. அட்டை கைக்கு வந்ததும் சாரதியில் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டுப் பாருங்கள். விவரம் வராவிட்டால் போலி. வந்தால், கார் வகைக்கு நேரே முதலில் வழங்கிய பழைய தேதி இருக்கிறதா என்று பாருங்கள். காலாவதி தேதியையும் கவனியுங்கள்: முடிவதற்கு ஒரு வருஷம் முன்பே புதுப்பிக்கலாம், முடிந்து ஒரு வருஷம் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டும்.

2023-இல் துபாய் ஒரு வாய்ப்புக் கொடுத்தது. சொந்த நாட்டு லைசென்ஸ் இருந்தால் வகுப்பில்லாமல் நேராகத் தேர்வெழுதி ஓட்டிக் காட்டலாம், ஒரே ஒரு முறை. இதைத்தான் 'டெஸ்ட் இல்லாமல் லைசென்ஸ்' என்று திரித்து விற்கிறார்கள். டெஸ்ட் உண்டு, தோற்றால் வகுப்புக்குப் போயே ஆக வேண்டும். இப்போது அது நடப்பில் இருக்கிறதா என்று டிரைவிங் ஸ்கூலில் கேட்டுக்கொள்ளுங்கள்; இருந்தாலும் பழகாமல் போய் உட்காராதீர்கள். அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம், வண்டி போவது வலப்பக்கம். நம் ஆட்கள் பெரும்பாலும் தவறுவது ரவுண்டானாவில்: உள்ளே சுற்றி வரும் வண்டிக்கு, அதாவது இடப்பக்கம் வருவதற்கு, நின்று வழிவிட வேண்டும். தடம் மாறும் முன் கண்ணாடியோடு தோளுக்கு மேலும் திரும்பிப் பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக்கில் தேறினால் ஆட்டோமேட்டிக் மட்டுமே ஓட்டலாம். டெலிவரி வேலைக்குப் போகிறவர்கள் வண்டி மேனுவலா ஆட்டோமேட்டிக்கா என்று முதலாளியிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கனவே பணம் கொடுத்திருந்தால் அட்டையைத் திருப்பிக் கொடுக்காதீர்கள், அதுதான் சாட்சி. வாட்ஸ்அப் பேச்சு, ஜிபே ரசீது எதையும் அழிக்க வேண்டாம். ஆன்லைனில் ஏமாந்தவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்கலாம். நேரில் கொடுத்தவர்கள் காவல் நிலையத்திலும், இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுக்கலாம்.